மூடியா, குழாயா, ஹெட் கேஸ்கெட்டா: காரில் கூலன்ட் கோளாறை வரிசையாகக் கண்டுபிடிக்கும் முறை

வண்டி சூடாகிறது, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் பாட்டில் பொங்கி வழிகிறது, அடிக்கடி கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. இந்த மூன்றில் எந்தப் புகாரோடு கார் வந்தாலும், தொழிலுக்குப் புதியவர்கள் முதலில் கை வைப்பது, சூட்டைப் பொறுத்துக் கூலன்ட்டின் பாதையைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டில். அடுத்து வாட்டர் பம்ப். அதற்கும் மசியாவிட்டால் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றலாம் என்ற யோசனை. ரேடியேட்டர் மூடி, அது உட்காரும் கழுத்து, பாட்டிலுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் ஆகிய மூன்றும் கடைசி வரை யார் நினைவுக்கும் வருவதில்லை. ஹெட்டைக் கழற்றி, அதன் அடிமுகத்தைத் தேய்த்து, ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, அதே பழைய மூடியை மாட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டி சீக்கிரமே திரும்பி வரும்.

இங்கே சொல்லும் வரிசை, மலிவான பொருளில் தொடங்கி விலை உயர்ந்த வேலையில் முடிகிறது. ரேடியேட்டரின் தலையில் அழுத்த மூடியும், பக்கத்தில் தனியாகப் பிளாஸ்டிக் ரிசர்வ் பாட்டிலும் உள்ள அமைப்பைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். மாருதி 800, டொயோட்டா இன்னோவா போன்றவை இந்த வகை. மூடி பாட்டிலின் மீதே இருக்கும் வண்டிகளுக்குக் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

1. எது இயல்பு, எது கோளாறு

சூடானால் கூலன்ட் விரியும். ஐந்து லிட்டர் கொள்ளும் ஒரு சிறிய காரில், காலைக் குளிரிலிருந்து ஓடும் சூட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 200 மில்லி கூடுதலாகிறது. அந்தக் கூடுதல் எங்கேயாவது போக வேண்டும். மூடியின் பெரிய ஸ்பிரிங் வால்வு தன் அளவு அழுத்தம் வந்ததும் தூக்கிக்கொண்டு, விரிந்த கூலன்ட்டை மெல்லிய குழாய் வழியாகப் பாட்டிலுக்கு விடுகிறது. என்ஜின் ஆறும்போது கூலன்ட் சுருங்கி, ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. அப்போது மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வு திறந்து, பாட்டிலில் இருப்பதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஆகவே சூட்டில் பாட்டிலின் மட்டம் ஏறுவது கோளாறு அல்ல. போன கூலன்ட் திரும்பி வருகிறதா என்பதுதான் கேள்வி. இனி வரும் சோதனைகள் பெரும்பாலும் இந்த ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு இடங்களில் கேட்கின்றன.

மூடியின் இன்னொரு வேலை கொதிநிலையை உயர்த்துவது. கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்த அளவு 0.9 என்று பொறித்த மூடி சரியாகப் பிடித்தால் அதே தண்ணீர் 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், 1.1 மூடியில் 121 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். பல கார்களில் மின்விசிறி சுழலத் தொடங்கும் சூடே அதற்குச் சற்று மேலேதான். மூடி அழுத்தத்தைப் பிடிக்காத வண்டி, கீழே மேட்டுப்பாளையத்தில் சமத்தாக ஓடி, குன்னூர் தாண்டியதும் பொங்குவதற்கு இதுதான் காரணம். ஏற்றத்தில் என்ஜின் படும் பாடும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மலையில் மட்டும் கொதிக்கிறது என்று யாராவது சொன்னால் என் கை முதலில் மூடிக்குத்தான் போகும்.

2. தொடங்குவதற்கு முன் வேண்டியவை

முதல் தேவை நேரம். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் கிளப்புவதற்கு முன் பார்ப்பதே நல்லது. அவசரம் என்றால், ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் முழுதாகப் பிடித்துப் பாருங்கள். சூடு தெரியாமல், அமுக்கினால் மென்மையாக அமுங்கினால் மட்டுமே மூடியைத் தொடுங்கள்.

சூடான மூடியைத் திறப்பது ஏன் இவ்வளவு ஆபத்து? உள்ளே 110 டிகிரியில் திரவமாக இருக்கும் கூலன்ட், அழுத்தம் விட்ட கணத்தில் ஆவியாகி, மீதித் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு முகத்துக்கு வரும். துணி போட்டுத் திறந்தால் போதும் என்பது கையை மட்டும் காப்பாற்றும் அறிவுரை. ஆறிய வண்டியிலும் முதலில் கால் சுற்று மட்டும் திருப்பி நிறுத்துங்கள். மூடியில் அதற்கென்றே ஒரு தடை இருக்கிறது. மிச்ச அழுத்தம் குழாய் வழியாகப் போன பிறகு, அமுக்கித் திருப்பி எடுங்கள்.

மற்றவை: டார்ச், மார்க்கர் பேனா, கெட்டித் துணி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, அடியில் வைக்க ஒரு தட்டு, சிறிய சிரிஞ்ச் அல்லது உறிஞ்சும் பம்ப், டிஸ்டில்ட் வாட்டர், வண்டியில் ஏற்கெனவே உள்ள அதே வகைக் கூலன்ட். கேஜ் வைத்த கை பம்பும் அதற்கான மூடி அடாப்டர்களும் இருந்தால் பாதி வேலை மிச்சம். சில வண்டிகளில் சாவி அணைத்திருந்தாலும் மின்விசிறி தானாகச் சுழலும். கை அருகில் போகுமுன் அதன் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள்.

கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதே நேரம் இனிப்புச் சுவை உள்ளது. தட்டில் பிடித்ததைத் திறந்து வைத்தால் நாயோ பூனையோ குடித்துவிடும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

3. பாட்டிலை நம்பாதீர்கள், ரேடியேட்டர் வாயைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் படி இதுதான். பானெட்டைத் திறக்கிறார்கள், பாட்டிலில் ஃபுல் கோடு வரை கூலன்ட் தெரிகிறது, நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். திரும்பி வரும் பாதை கெட்டுப்போன வண்டியில் பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் மட்டும் காலியாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் பாட்டிலுக்குப் போகிறது, திரும்புவதில்லை. சூட்டு முள்ளும் சில நேரம் ஏமாற்றும்: சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் ஆவி மட்டும் இருந்தால், முள் குறைவாகக்கூடக் காட்டும்.

ஆறிய என்ஜினில் மூடியை எடுத்ததும் கூலன்ட் கழுத்து வரை தெரிய வேண்டும். விரல் எட்டாத ஆழத்தில் இருந்தால் எவ்வளவு குறைகிறது என்று அளந்து ஊற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு பின்னால் பயன்படும்.

திறக்கும்போது காதையும் கொடுங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் வந்தால் வெற்றிடம் விடுபடாமல் நின்றிருக்கிறது. திரும்பும் பாதையில் அடைப்பு. இரவு முழுவதும் ஆறிய என்ஜினில் "புஸ்" என்று காற்று வெளியே தள்ளினால் செய்தி வேறு, பகுதி 9-க்கு உரியது.

கூலன்ட்டின் நிறத்தையும் பாருங்கள். செம்மண் நிறம் என்றால் துரு. வெறும் தண்ணீரிலேயே ஓடியிருக்கிறது. மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழப்பு ஒட்டியிருந்தால் எண்ணெய் கலக்கிறது. இனி மூடியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

4. மூடியைச் சோதித்தல்

மூடியின் மேல் 0.9, 1.1 என்றோ, 88, 108 கிலோபாஸ்கல் என்றோ, 13, 16 பிஎஸ்ஐ என்றோ பொறித்திருக்கும். முதல் எண்கள் சதுர செண்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. 0.9, 88, 13 ஆகியவை ஏறக்குறைய ஒரே அளவு, 1.1, 108, 16 ஆகியவையும் அப்படியே. வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். வண்டியோடு வந்திருக்கும் மூடி வண்டியுடையதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யாராவது மாற்றியிருப்பார்கள்.

பிறகு இரண்டு ரப்பர்களையும் பாருங்கள். அடியில், ஸ்பிரிங்கின் நுனியில் இருப்பது அழுத்தத்தைப் பிடிக்கும் ரப்பர். மேலே, தகட்டின் உட்புறத்தை ஒட்டி இருப்பது கழுத்தின் விளிம்பில் உட்காரும் ரப்பர். முதலாவதை எல்லோரும் பார்க்கிறார்கள், இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. மேல் ரப்பர் கெட்டால் இரண்டு தொல்லை: சூட்டில் கூலன்ட் மூடியின் ஓரம் வழியாகக் கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டும், ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்ட் வருவதற்குப் பதில் அந்த ஓரம் வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். அடி ரப்பர் புத்தம் புதிதாக இருந்தும் ரேடியேட்டர் காலியாவது இதனால்தான்.

ரப்பர் கல்லாகிப்போயிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, கழுத்தின் வளையம் ஆழமாகப் பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஊதிப் பெருத்து மெத்தென்று இருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது.

நடுவிலுள்ள சிறிய வால்வை நகத்தால் மெல்ல இழுங்கள். இழுத்ததும் வந்து, விட்டதும் திரும்பி உட்கார வேண்டும். உப்புப் படிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஆறும்போது மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப்போகும். ஆனால் எல்லா மூடிகளிலும் இந்த வால்வுக்கு ஸ்பிரிங் இருக்காது. சிலவற்றில் அது தளர்வாகத் தொங்கும். ஆவியும் கூலன்ட்டும் வேகமாக வரும்போதுதான் மேலே தள்ளி மூடிக்கொள்ளும். தொங்குவதைக் கண்டு உடைந்துவிட்டது என்று வீசிவிட வேண்டாம்.

பெரிய ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கி, நல்லாத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை. 0.7 கிலோவுக்கும் 0.9 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் கட்டைவிரலுக்குத் தெரியாது. பம்ப் இருந்தால், ரப்பரைக் கூலன்ட்டில் நனைத்துவிட்டு அடாப்டரில் மாட்டி ஏற்றுங்கள். உலர்ந்த ரப்பர் நல்ல மூடியையும் கெட்டதாகக் காட்டும். பொறித்த அளவை ஒட்டித் திறந்து, பிறகு நின்றால் நல்லது. 0.9 மூடி 0.6-ஐக்கூடப் பிடிக்கவில்லை என்றால் குப்பைக்கு. பம்ப் இல்லை என்றால், கையேட்டு அளவில் நல்ல தயாரிப்பில் ஒரு புதிய மூடி வாங்கிப் போடுவதே சோதனை. விலையைப் பார்த்தால் அது வீண் செலவு அல்ல.

புதிய மூடி வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். எண் பொருந்தினால் மட்டும் போதாது. மேல் ரப்பருக்கும் அடி ரப்பருக்கும் இடையே உள்ள ஆழமும் பொருந்த வேண்டும். ஆழம் குறைந்த மூடி நன்றாகத் திருகி உட்காரும், ஆனால் அடி ரப்பர் கழுத்துக்குள் உள்ள வட்ட இருக்கையைத் தொடாது, அழுத்தமே பிடிக்காது.

கடையில் 1.1 மட்டும்தான் இருக்கிறது, கூடத் தாங்கும், நல்லதுதானே என்பார்கள். நல்லதல்ல. 0.9-க்காகச் செய்த அமைப்பில் அடுத்து எது பலவீனமோ அது விடும்: ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேருமிடம், பழைய ஹோஸ், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (கூலன்ட்டின் சூட்டைக் காருக்குள் தரும் சிறிய ரேடியேட்டர்). கடைசியாகச் சொன்னது விட்டால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும். மூடிக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போடும் வழக்கமும் இதே வகைக் கேடு. அது ஸ்பிரிங்கைக் கூடுதலாக அமுக்குகிறது, திரும்பும் பாதையையும் அடைக்கலாம்.

5. கழுத்து

மூடி மாற்றியும் சரியாகாத வண்டிகளில் கழுத்தைப் பாருங்கள். உள்ளே சற்று ஆழத்தில் ஒரு வட்ட இருக்கை இருக்கிறது. அடி ரப்பர் அதில்தான் உட்காருகிறது. டார்ச் அடித்து, துணியால் துடைத்து, விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். சொரசொரப்பு, உப்புக் கட்டி, பள்ளம் தெரிந்தால் எந்த மூடியும் பிடிக்காது.

உப்பைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீர்கள். பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒரு கீறல் போதும், கசிவுக்கு வழி கிடைத்துவிடும். பிளாஸ்டிக் கழுத்து இன்னும் மென்மையானது. ஈரத்துணி, பழைய பல்துலக்கும் பிரஷ், பொறுமை போதும். மூடியின் காதுகள் மாட்டும் ஓரங்கள் வளைந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் ஸ்பிரிங் சமமாக அழுத்தாது.

6. மெல்லிய குழாயும் பாட்டிலும்

கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய மூக்கிலிருந்து பாட்டிலுக்குப் போகும் குழாயை இரு முனையிலும் கழற்றுங்கள். வாயால் ஊதாதீர்கள், உள்ளே நஞ்சு. சிரிஞ்சால் தண்ணீர் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். பிறகு ஒரு முனையை விரலால் அடைத்துச் சிரிஞ்சால் இழுங்கள். இழுவை பிடித்து நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் எங்கேயோ மயிரிழை வெடிப்பு இருக்கிறது. பொதுவாக மூக்கில் மாட்டும் முனையில்தான் வெடித்திருக்கும். முனையை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். சிறிய கிளிப் ஒன்றும் போடுங்கள்.

வெளியே போகும்போது அழுத்தம் தள்ளுவதால் வெடித்த குழாயிலும் கூலன்ட் பாட்டிலுக்குப் போய்விடும். திரும்பும்போது இழுப்பது மென்மையான வெற்றிடம். அது எளிதில் வரும் காற்றைத்தான் இழுக்கும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலை வைத்துக்கொண்டு இளநீர் குடிக்க முயல்வது போலத்தான். அதனால்தான் சொட்டுகூடக் கசியாத குழாயிலும் கோளாறு இருக்க முடிகிறது.

பாட்டிலுக்குள் குழாயின் முனை அடிவரை இறங்கி, எப்போதும் கூலன்ட்டில் மூழ்கியிருக்க வேண்டும். பாட்டிலைக் கழுவி மாட்டியவர்கள் உள்குழாயை மறந்துவிடுவதும், அது கழன்று பாட்டிலுக்குள் விழுந்து கிடப்பதும் அடிக்கடி காண்பவை. மட்டம் லோ கோட்டுக்குக் கீழே போனாலும் இதே விளைவுதான்: குழாய் காற்றை உறிஞ்சும்.

பாட்டிலின் மூடியில் ஒரு காற்றுத் துளை இருக்கும். வழிகிறதே என்று அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. இந்த வகைப் பாட்டில் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. துளை திறந்தே இருக்கட்டும்.

பாட்டிலை விளிம்பு வரை நிரப்பினால் விரிவுக்கு இடமில்லாமல் அது வழிந்தே தீரும். நிறைய வண்டிகளில் கசிவு என்று சொல்லப்படுவது இவ்வளவுதான். ஆறிய நிலையில் இரண்டு கோடுகளுக்கு நடுவே வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

7. ஓர் இரவுச் சோதனை

எந்தக் கருவியும் இல்லாமல் அதிகம் சொல்லித்தரும் சோதனை இது. ஆறிய ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி மூடியை மாட்டுங்கள். பாட்டிலில் இருக்கும் மட்டத்தை மார்க்கரால் குறியுங்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். வந்து நிறுத்தி, மின்விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும் வரை ஓடவிடுங்கள். என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து இரண்டாவது கோடு போடுங்கள். அணைத்ததும் குறிக்கக் கூடாது. ஓட்டம் நின்றவுடன் ஹெட்டில் தேங்கிய சூடு அசையாத கூலன்ட்டில் இறங்குவதால் மட்டம் இன்னும் சற்று ஏறும். ஓடும்போது ஒன்றுமில்லை, நிறுத்தினால்தான் வழிகிறது என்ற புகாருக்கும் இந்தத் தேங்கிய சூடுதான் காரணம். மூடி தளர்ந்திருந்தால் அந்த நேரத்தில்தான் காட்டிக்கொடுக்கும். மறுநாள் காலை, மூடியைத் திறக்காமல், மூன்றாவது மட்டத்தைப் பாருங்கள்.

ஏறி, காலையில் முதல் கோட்டுக்கே இறங்கியிருந்தால் மூடியும் குழாயும் நலம். கூலன்ட் குறையும் புகார் இருந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

ஏறியது ஏறியபடியே நின்று, ரேடியேட்டர் வாயில் அதே அளவு குறைந்திருந்தால் திரும்பும் பாதையில்தான் கோளாறு. மேல் ஹோஸ் சப்பையாகியிருந்தால் சிறிய வால்வோ குழாயோ அடைபட்டிருக்கிறது. ஹோஸ் உருண்டையாக இருந்தால் எங்கேயோ காற்று நுழைகிறது: மேல் ரப்பர் அல்லது குழாய் வெடிப்பு. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தால் பாதி ஊகம் குறைந்துவிடும்.

பாட்டில் மட்டம் அசையவே இல்லை, ரேடியேட்டர் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் வெளியே எங்கோ கசிகிறது. பகுதி 8.

மட்டம் ஏறி வழிந்து, பாட்டிலுக்குள் குமிழிகளும் வந்தால் மூன்று சந்தேகங்கள்: மூடி அழுத்தம் பிடிக்காமல் கொதிக்கிறது, உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது சிலிண்டரில் எரிந்த வாயு நுழைகிறது. புதிய மூடியைப் போட்டு, பகுதி 10-இல் உள்ளபடி காற்றை வெளியேற்றி, இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அதற்குப் பிறகும் குமிழி வந்தால்தான் கேஸ்கெட் பேச்சு.

8. அழுத்தம் ஏற்றிக் கசிவு தேடுதல்

ஆறிய, நிறைந்த ரேடியேட்டரில் மூடிக்குப் பதில் பம்பை மாட்டி, மூடியில் பொறித்த அளவு வரை மட்டும் ஏற்றுங்கள். கொஞ்சம் கூட ஏற்றினால் கசிவு சீக்கிரம் தெரியும் என்று நினைத்து ஏற்றுவது, இல்லாத கசிவை உண்டாக்கும் வழி. கால் மணி நேரம் கேஜைப் பாருங்கள். முள் இறங்காவிட்டால் வெளிக்கசிவு இல்லை என்று ஓரளவு நம்பலாம். ஓரளவுதான், ஏனென்றால் சில கசிவுகள் உலோகம் சூட்டில் விரியும்போது மட்டுமே திறக்கும்.

முள் இறங்கினால் இந்த வரிசையில் பாருங்கள்: ஹோஸ் மூட்டுகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ஓரம், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறிய கசிவுத் துளை, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்த தட்டையான பிளக்குகள். எல்லாம் உலர்ந்திருந்தால் காருக்குள் போங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே விரிப்பு ஈரம், இனிப்பு வாடை, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான மூடுபனி ஆகியவை ஹீட்டர் கோரைச் சுட்டும். உள்ளும் புறமும் உலர்ந்திருந்தும் முள் இறங்கினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எது ஈரம் என்று பாருங்கள்.

9. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள்

குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகினால் அது விரிவினால் வந்த அழுத்தமாக இருக்க முடியாது. கூலன்ட் இன்னும் சூடாகவே இல்லை. சிலிண்டரின் வாயுதான் நுழைகிறது. இரவு முழுக்க ஆறிய பின்னும் அழுத்தம் நிற்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்.

உறுதிசெய்ய நீலத் திரவம் வைத்த கசிவுச் சோதனைக் கருவி இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து மேலே தேங்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுத்தால், எரிந்த வாயுவின் கரியமில வாயு அதை மஞ்சளாக்கும். டீசல் வண்டிகளில் பச்சையோடு நின்றுவிடுவதும் உண்டு. தொடங்குமுன் ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் கூலன்ட்டை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கூலன்ட் கருவிக்குள் ஏறினால் திரவம் கெட்டுச் சோதனையும் வீணாகும்.

வெறும் குமிழியை வைத்து மட்டும் ஹெட்டைக் கழற்றாதீர்கள். கூலன்ட் மாற்றிய பிறகு சில ஓட்டங்கள் வரை சிக்கிய காற்று குமிழியாக வரும், பிறகு நின்றுவிடும். கேஸ்கெட்டின் குமிழி நிற்காது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடும்.

10. நிரப்பி, காற்றை வெளியேற்றுதல்

கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு நிரப்புவதில் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். காற்று மேலே, அதாவது ரேடியேட்டர் வாய்க்கு வரும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். சில வண்டிகளில் அப்போதுதான் ஹீட்டர் வால்வு திறந்து அந்தப் பக்கமும் கூலன்ட் போகும். காற்று விடும் திருகு இருக்கும் என்ஜின்களில் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வந்ததும் இறுக்குங்கள்.

மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்துவிடுங்கள். குமிழி வந்து மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். மூடியில்லாமல் என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், வாயில் மட்டம் இறங்கும். அந்த நேரத்தில் நிரப்பி உடனே மூடியை மாட்டுங்கள். அதற்கு மேல் திறந்து வைத்தால் பொங்கும். ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது. தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பவர்களுக்கு: அது இல்லாத என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் எரிபொருளை விழுங்கும், தேய்மானமும் கூடும்.

அடர்கரைசல் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர். கலந்தே விற்பதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. டப்பாவைப் படிக்காமல் அதிலும் பாதி தண்ணீர் ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். போர்வெல் தண்ணீரின் உப்புதான் நான்காம் பகுதியில் பார்த்த சிறிய வால்வை ஒட்டவைக்கிறது. நிறத்தைப் பார்த்து வகையை முடிவுசெய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் கலக்கும் சாயம். இரண்டு வகை சேர்ந்தால் சில நேரம் கூழாகித் திரியும். எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்புங்கள்.

அடுத்த சில காலைகளில் ரேடியேட்டர் வாயையும் பாட்டிலையும் பாருங்கள். முதல் நாள் பாட்டிலில் சற்றுக் குறைவது இயல்பு. சிக்கிய காற்று வெளியேறிய இடத்துக்குக் கூலன்ட் போயிருக்கிறது.

11. மூடி பாட்டிலின் மீதே இருக்கும் வண்டிகள்

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஃபோர்டு போன்றவற்றில் பாட்டிலே அழுத்தத்தில் இருக்கிறது. ரேடியேட்டரில் மூடி இருக்காது. இங்கே போய்த் திரும்பும் மெல்லிய குழாய்க் கதை கிடையாது. கூலன்ட் பாட்டிலுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது, மேலே உள்ள காற்று அமுங்கி இடம் கொடுக்கிறது. அதனால் மேக்ஸ் கோட்டைத் தாண்டி நிரப்பக் கூடாது. காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் மூடி திறந்து மிகுதியை வெளியே கொட்டிவிடும். கொட்டியது திரும்பவும் வராது.

இந்தப் பாட்டில்களை, சூடாக இருக்கும்போது, சாதாரண ரிசர்வ் பாட்டில் என்று நினைத்துத் திறப்பது பெரிய ஆபத்து. ரேடியேட்டர் மூடிக்குச் சொன்ன எச்சரிக்கை அத்தனையும் இதற்கும் உண்டு.

பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பழுத்திருந்தால், இரு பாதிகளும் சேரும் தையலையும் ஹோஸ் மூக்குகளின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு சூட்டில் மட்டும் திறந்து ஆவியாகவே வெளியேறும். தரையில் சொட்டு விழாது, காய்ந்த உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். எபோக்சி பூசினால் அழுத்தத்தில் நிற்காது, பாட்டிலை மாற்றுங்கள். மாற்றும்போது மூடியையும் சேர்த்து மாற்றுங்கள். அதே ஆயுள் கொண்ட ஓ-ரிங் அதற்குள் இருக்கிறது, சேர்த்து வாங்கினால் அடுத்த முறை பானெட்டைத் திறக்கும் வேலை மிச்சம்.